சாலை விதியும் மக்கள் சம்மதமும்

சில நாட்களுக்கு முன் கல்லூரி வகுப்பு ஒன்றில் அரசியல் சட்டத்தைப் பற்றிப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, தலைக்கவசம் அணியாமல் நான் வண்டி ஓட்டினால் உடைவது என் தலைதானே? அதில் அரசாங்கத்துக்கு என்ன வேலை?" என்று கேட்டார். வகுப்பு முழுவதும் சிரித்தது, நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அந்தக் கேள்வி என்னுடனேயே வந்தது. விளையாட்டாகக் கேட்கப்பட்டதெனினும் அதனுள் இரண்டு பெரிய கேள்விகள் அடங்கியிருந்தன. ஒரு விதி நல்லதா, தீயதா என்பது ஒன்று. அது நல்லதாகவே இருந்தாலும் அதை என்மீது விதிக்கும் உரிமை மற்றவர்களுக்கு எங்கிருந்து வந்தது என்பது இரண்டாவது. முதற் கேள்விக்கு மருத்துவர்கள் விடை கூறிவிடலாம். இரண்டாவது கேள்விக்கு அரசியல் நூல்தான் விடை கூறவேண்டும்.

இந்த இரண்டாவது கேள்வியை ஒரு நாடு முழுவதும், தலைமுறை தலைமுறையாக, வாக்குச் சீட்டின் மூலம் ஆராய்ந்து வந்திருக்கிறது. அந்நாடு ஸ்விட்ஸர்லாந்து. சாலையில் மோட்டார் வண்டி ஓடலாமா, அதற்குச் சட்டம் செய்பவர் யார், ஓட்டுநர் தம்மை இருக்கையோடு பட்டையால் பிணைத்துக்கொள்ள வேண்டுமா என்பன போன்ற வினாக்களையெல்லாம் அந்நாட்டார் குடியொப்பத்துக்கு விட்டனர். குடியொப்பம் என்றால், ஒரு குறிப்பிட்ட சட்டத்தை ஏற்பதா, மறுப்பதா என்று குடிமக்களே நேரில் வாக்களித்து முடிவு செய்வது. அந்தச் சரித்திரத்தின் சில பகுதிகளை இன்று உங்கள்முன் வைக்க விரும்புகிறேன்.

முதலில் அந்நாட்டின் அரசியல் முறையைச் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. ஸ்விட்ஸர்லாந்து ஒரு கூட்டரசு. அதன் உறுப்புகளுக்குக் காண்டன்கள் என்று பெயர். நம் மாநிலங்களைப் போன்றவை. ஆனால் அளவில் மிகச் சிறியவை. தம் உரிமைகளைக் காப்பதில் மிகக் கண்டிப்பானவை. எந்த அதிகாரம் அரசியல் சட்டத்தில் கூட்டரசுக்கு வெளிப்படையாக அளிக்கப்படவில்லையோ, அது காண்டன்களுக்கே உரியது. இது அந்நாட்டு அரசியலின் அடிப்படை.

அரசியல் சட்டத்தில் ஓர் எழுத்தைத் திருத்த வேண்டுமானாலும் அது கட்டாயமாகக் குடியொப்பத்துக்கு வந்தாக வேண்டும். அங்கே இரண்டு பெரும்பான்மைகள் தேவை. வாக்களித்தோரில் பெரும்பாலோர் ஆதரிக்க வேண்டும். காண்டன்களிலும் பெரும்பாலானவை ஆதரிக்க வேண்டும். சாதாரணச் சட்டத்துக்கு இவ்வளவு கடுமை இல்லை. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றிய பிறகு, அதை விரும்பாத குடிமக்கள் 100 நாட்களுக்குள் 50,000 கையொப்பங்கள் திரட்டினால் அது குடியொப்பத்துக்கு வரும். அங்கே மக்களின் பெரும்பான்மை மட்டும் போதும், காண்டன்களை எண்ணுவதில்லை. இவற்றைத் தவிர, 18 மாதங்களுக்குள் 100,000 கையொப்பங்கள் திரட்டிக் குடிமக்களே அரசியல் சட்டத் திருத்தம் ஒன்றை முன்மொழியவும் உரிமை உண்டு. இந்த எண்ணிக்கைகள் இன்று உள்ளவை. முற்காலத்தில் இவற்றினும் குறைவாக இருந்தன.

இனிச் சாலைக்கு வருவோம். ஸ்விட்ஸர்லாந்தின் கிழக்கே கிரௌபுண்டன் என்றொரு காண்டன் இருக்கிறது. மலைகளும் பள்ளத்தாக்குகளும் நிறைந்த நிலம். ஜெர்மன், ரோமான்ஷ், இத்தாலியன் ஆகிய மூன்று மொழிகள் அங்கே வழங்குகின்றன. 1900ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அந்தக் காண்டனின் அரசாங்கம் ஓர் ஆணை பிறப்பித்தது. தன் எல்லைக்குள் எந்தச் சாலையிலும் மோட்டார் வண்டி ஓடக்கூடாது என்பதே அந்த ஆணை.

இதைக் கேட்டவுடன், பழமையில் ஊறிய மலைவாசிகள் புதுமையைக் கண்டு அஞ்சினார்கள் என்று எண்ணத் தோன்றும். அவர்கள் நிலையிலிருந்து சற்றுப் பார்ப்போம். சாலை குறுகியது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் பள்ளம். அதில் தபால் வண்டியும் வைக்கோல் வண்டியும் குதிரை பூட்டிச் செல்கின்றன. திடீரென்று வளைவில் பேரொலியோடும் புழுதியோடும் ஒரு மோட்டார் வண்டி வருகிறது. குதிரை மிரண்டால் வண்டியோடு எல்லாரும் பள்ளத்தில். சாலையைத் தம் வரிப்பணத்தால் போட்டவர்கள் உள்ளூர்க் குடியானவர்கள். அதில் மோட்டார் ஓட்டி வருபவர்களோ பெரும்பாலும் வெளியூர்ச் செல்வர்கள். ஆகவே அவர்களுடைய மறுப்பை அறியாமை என்று ஒதுக்கிவிட முடியாது. சாலை யாருக்கு உரியது என்ற கேள்வியை அவர்கள் எழுப்பினார்கள்.

1907 முதல் 1925 வரை அந்தக் காண்டனின் மக்கள் இது பற்றிப் பத்து முறை வாக்களித்தார்கள். பெரும்பாலும் கிடைத்த விடை, "வேண்டாம்" என்பதே. அந்நாட்களில் எல்லைக்கு மோட்டாரில் வந்தவர்கள் அங்கே இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் குதிரை பூட்டி வண்டியை இழுத்துச் சென்ற காட்சிகளும் உண்டு. சுற்றியிருந்த ஊர்களிலெல்லாம் மோட்டார் பெருகியது. பயணிகள் வேறு மலைகளை நாடிச் செல்லலாயினர். கடைசியாக 1925ஆம் ஆண்டு ஜூன் 21ஆம் நாள் நடந்த வாக்கெடுப்பில் சிறிய பெரும்பான்மையோடு மக்கள் மோட்டாருக்கு வழி திறந்தார்கள். கால் நூற்றாண்டு நீடித்த தடையை எந்த மேலிடமும் வந்து நீக்கவில்லை. தடையைத் தாங்கிப் பிடித்த மக்களே தம் கையால் அதை நீக்கினார்கள்.

ஆயினும் ஒரு காண்டனில் ஒரு விதி, அடுத்த காண்டனில் வேறொரு விதி என்றால் சாலைப் பயணம் என்னாவது? ஒரு பகலில் பல காண்டன்களைக் கடந்துவிடக்கூடிய சிறிய நாடு அது. 1904லும் 1914லும் பல காண்டன்கள் தமக்குள் ஒப்பந்தம் செய்துகொண்டு விதிகளை ஒருவாறு ஒத்திசைக்க முயன்றன. ஒப்பந்தத்தில் சேராதவர்களை அது கட்டுப்படுத்தவில்லை. கூட்டரசே சட்டம் செய்துவிடலாமே என்று கேட்கலாம். செய்ய முடியாது. அப்போது நடப்பிலிருந்த அரசியல் சட்டம் 1874ஆம் ஆண்டினது. மோட்டார் வண்டி என்ற ஒன்று உலகில் ஓடாத காலத்தில் எழுதப்பட்ட சட்டத்தில் அதைப் பற்றிய அதிகாரம் எங்கே இருக்கும்? ஆகவே சாலை விதி எழுதுவதற்கு முன்பு அரசியல் சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று.

அந்தத் திருத்தம் 1921ஆம் ஆண்டு மே மாதம் 22ஆம் நாள் குடியொப்பத்துக்கு வந்தது. அதன் வாசகத்தில் ஒரு நயமான சமரசம் இருந்ததை மாணவர்கள் கவனிக்க வேண்டும். மோட்டார் வண்டியைப் பற்றியும் சைக்கிளைப் பற்றியும் விதிகள் செய்யக் கூட்டரசுக்கு அதிகாரம் உண்டு என்று அது கூறியது. கூறிய கையோடு, தம் எல்லைக்குள் இப்போக்குவரத்தைக் குறைக்கவும் தடுக்கவும் காண்டன்களுக்கு உள்ள உரிமையையும் ஒப்புக்கொண்டது. நாட்டின் ஊடே செல்லும் போக்குவரத்துக்கு இன்றியமையாத சில சாலைகளைத் திறந்துவிடும்படி சொல்லும் உரிமையை மட்டும் கூட்டரசுக்கு வைத்துக்கொண்டது. எல்லாருக்கும் சிறிது கொடுத்து, எல்லாரிடமும் சிறிது பெற்ற ஏற்பாடு இது. மக்களும் காண்டன்களும் இதை ஏற்றுக்கொண்டனர்.

அதிகாரம் கிடைத்துவிட்டது, இனிச் சட்டம் செய்வது எளிது என்று நாடாளுமன்றம் எண்ணியிருக்கக்கூடும். அந்த அதிகாரத்தைக் கொண்டு மோட்டார், சைக்கிள் போக்குவரத்துச் சட்டம் ஒன்றை அது நிறைவேற்றியது. எதிர்த்தவர்கள் கையொப்பம் திரட்டினார்கள். 1927ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள் நடந்த குடியொப்பத்தில் நூற்றுக்கு ஏறக்குறைய 60 பேர் அதை நிராகரித்துவிட்டார்கள்! அதிகாரம் அளித்த அதே மக்கள், ஆறு ஆண்டுகளுக்குப் பின், "அதிகாரம் கொடுத்தோம் என்பதற்காக நீங்கள் எழுதியதையெல்லாம் ஏற்றுக்கொள்வோம் என்று பொருளன்று" என்று கூறியதைப் போல் இருந்தது. நாடாளுமன்றம் மீண்டும் உட்கார்ந்து எழுதியது. 1932ஆம் ஆண்டில் நிறைவேறிய புதிய சட்டம் எதிர்ப்பின்றி நடைமுறைக்கு வந்தது.

அரசியல் சட்டத்துக்கும் சாதாரணச் சட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பாட நூலில் படித்து மனப்பாடம் செய்வது கடினம். இந்த இரண்டு குடியொப்பங்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள், விளங்கிவிடும். 1921இல் மக்கள் விடையளித்தது, "யார் விதி செய்யலாம்?" என்ற கேள்விக்கு. 1927இல் விடையளித்தது, "இந்த விதி வேண்டுமா?" என்ற கேள்விக்கு. முதலாவது அரசியல் சட்டம். இரண்டாவது சாதாரணச் சட்டம்.

இனி என் மாணவர் கேட்ட கேள்விக்கு மிக நெருங்கிய நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

மோட்டாரில் முன் இருக்கையில் அமர்வோர் சீட் பெல்ட் என்னும் இருக்கைப்பட்டையை அணிய வேண்டும் என்ற விதி 1976ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் ஸ்விட்ஸர்லாந்தில் நடைமுறைக்கு வந்தது. அதைப் பிறப்பித்தது, நாட்டின் அமைச்சரவையாக விளங்கும் எழுவர் அடங்கிய கூட்டரசு மன்றம். நாடாளுமன்றம் அதற்கெனச் சட்டம் எதுவும் செய்யவில்லை. மன்றம் தன் ஆணையாலேயே விதித்தது. நோக்கம் நல்லது என்பதில் யாருக்கும் ஐயம் இருக்க இடமில்லை. 1971ஆம் ஆண்டில் மட்டும் அச்சிறு நாட்டின் சாலைகளில் 1,700க்கு மேற்பட்டோர் உயிரிழந்திருந்தனர்.

பட்டை அணியாமல் சென்று அபராதம் விதிக்கப்பட்ட குடிமகன் ஒருவரின் வழக்கு லோசான் நகரிலுள்ள கூட்டரசின் உச்ச நீதிமன்றத்தை எட்டியது. 1977இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பட்டை அணிவது பயனற்றது என்று அது கூறவில்லை. தனி மனிதனின் சுதந்தரத்தில் இவ்வாறு தலையிடுவதற்குச் சட்டத்தின் ஆதாரம் வேண்டும். அந்த ஆதாரம் போக்குவரத்துச் சட்டத்தில் இல்லை. ஆகவே அமைச்சரவை தன் எல்லையைக் கடந்துவிட்டது என்பதே தீர்ப்பின் சாரம். விதி விழுந்தது.

இந்த இடத்தில் நான் பல முறை தயங்கி நின்றிருக்கிறேன். உயிரைக் காக்கும் ஒரு விதியை, முறையாகப் பிறக்கவில்லை என்ற காரணத்தால் தள்ளிவிடலாமா? விதி விழுந்ததற்கும் மீண்டும் எழுந்ததற்கும் இடையே சில ஆண்டுகள் கழிந்தன. அந்த இடைக்காலத்தில் பட்டை அணியாது சென்று மாண்டவர் ஒருவரும் இல்லை என்று யார் சொல்ல முடியும்? முறைமைக்கு ஒரு விலை உண்டு. அந்த விலையை மனித உயிரிலும் கொடுக்க நேரிடலாம். இதை மறைத்துவிட்டு முறைமையின் பெருமையை மட்டும் பேசுவது நேர்மையாகாது.

எனினும் மறுபக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். நல்ல நோக்கம் ஒன்றே போதும் என்று இன்று ஒத்துக்கொண்டால், நாளை வேறோர் அமைச்சரவை வேறொரு காரியத்தை நல்ல நோக்கம் என்று சொல்லிக்கொண்டு வரும். அப்போது தடுத்து நிறுத்த நம்மிடம் என்ன இருக்கும்? பட்டையைப் பற்றிய வழக்கில் காக்கப்பட்ட வேலி, அதைவிடப் பெரிய காரியங்களுக்கும் வேலி. ஆகவே நீதிமன்றம் செய்தது சரி என்றே நான் கருதுகிறேன். ஆனால் எளிதாக அந்த முடிவுக்கு வந்தேன் என்று சொல்ல மாட்டேன்.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். நாடாளுமன்றம் போக்குவரத்துச் சட்டத்தை முறைப்படி திருத்தியது. இருக்கைப்பட்டையோடு மோட்டார் சைக்கிள் ஓட்டுவோருக்குத் தலைக்கவசத்தையும் கட்டாயமாக்கியது. எதிர்ப்பாளர்கள் கையொப்பம் திரட்டவே, 1980ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 30ஆம் நாள் குடியொப்பம் நடந்தது. நாடு இரண்டாகப் பிரிந்து நின்றது. பிரெஞ்சு மொழி வழங்கும் காண்டன்கள் வன்மையாக எதிர்த்தன. "என் உயிரைக் காத்துக்கொள்ள எனக்குத் தெரியும், அரசாங்கம் எனக்குத் தாதியாக வேண்டாம்" என்பதே எதிர்ப்பின் சாரம். ஜெர்மன் மொழிப் பகுதிகளில் ஆதரவு மிகுந்திருந்தது. முடிவில் வாக்களித்தோருள் நூற்றுக்கு 51.6 பேர் ஆதரித்தனர். ஏறக்குறைய 50,000 வாக்குகள் வேறுபாடு. 1981ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் சட்டம் நடைமுறைக்கு வந்தது.

அமைச்சரவை ஆணையில் இருந்த விதியும் பட்டை அணியச் சொன்னது. மக்கள் ஒப்பிய சட்டமும் பட்டை அணியத்தான் சொன்னது. முன்னதை நீதிமன்றம் தள்ளியது. பின்னதைத் தள்ள யாருக்கும் வழியில்லை. வேண்டாம் என்று வாக்களித்தவர்களும், தம் சொல் கேட்கப்பட்டது, எண்ணப்பட்டது, சிறிது வித்தியாசத்தில் தோற்றது என்பதை அறிந்தே பட்டையை அணிந்தார்கள். அண்மை ஆண்டுகளில் அந்நாட்டில் சாலை விபத்துகளில் இறப்போர் ஆண்டுக்கு 250க்கு அண்மையில்தான் இருக்கின்றனர். வண்டிகளோ அன்றைக்கு இருந்ததைவிட எத்தனையோ மடங்கு பெருகிவிட்டன. இதற்கு இருக்கைப்பட்டை மட்டும் காரணம் அன்று. நல்ல சாலைகளும், நல்ல வண்டிகளும், விரைந்த மருத்துவமும் சேர்ந்தே இதைச் செய்தன.

குடிமக்கள் தாமாகவே முன்மொழிந்த திருத்தங்களின் கதை வேறு விதம். 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோது மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார் ஓட்டுவதை அரசாங்கம் தடை செய்தது. நெடுஞ்சாலைகளில் மக்கள் நடந்தும் சைக்கிளில் சென்றும் மகிழ்ந்தனர். அந்த நினைவு இனிமையாக இருந்ததால், ஆண்டுதோறும் 12 ஞாயிறுகளை அவ்வாறு ஒதுக்க வேண்டும் என்று ஒரு திருத்தம் முன்மொழியப்பட்டது. 1978இல் மக்கள் அதை மறுத்துவிட்டனர். நெடுஞ்சாலை வேகத்தை மணிக்கு 130 கிலோமீட்டராக உயர்த்த வேண்டும் என்ற திருத்தம் 1989இல் வந்தது, அதையும் மறுத்தனர். ஊர்களுக்குள் வேகத்தை 30 கிலோமீட்டராகக் குறைக்க வேண்டும் என்ற திருத்தம் 2001இல் வந்தது, அதையும் மறுத்தனர். விரைவு வேண்டுவோரையும் நிதானம் வேண்டுவோரையும் ஒருங்கே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

ஆனால் 1994இல் ஒரு வியப்பு நிகழ்ந்தது. ஆல்ப்ஸ் மலையின் ஊடே ஓர் எல்லையிலிருந்து மறு எல்லைக்குச் செல்லும் சரக்குகளைப் பத்து ஆண்டுகளுக்குள் சாலையிலிருந்து ரயிலுக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு திருத்தம் முன்மொழியப்பட்டது. அரசாங்கமும் நாடாளுமன்றமும் இதை ஏற்க வேண்டாம் என்று மக்களுக்குப் பரிந்துரைத்தன. மக்களோ நூற்றுக்கு 51.9 வீதம் ஆதரித்து, அதை அரசியல் சட்டத்தில் எழுதி வைத்தார்கள். பத்து ஆண்டுகள் கடந்தன. குறிக்கோள் முழுமையாக நிறைவேறவில்லை. ரயிலில் செல்லும் சரக்கு மிகுந்தது உண்மை. ஆனால் லாரிகள் மறைந்துவிடவில்லை. வாக்குச் சீட்டால் ஒரு சட்டத்தை எழுதலாம்; மலையைக் குடைந்து சுரங்கப்பாதை அமைப்பதும், அண்டை நாடுகளோடு உடன்பாடு காண்பதும், செலவுக்குப் பணம் தேடுவதும் அதற்குப் பிறகு செய்யவேண்டிய வேலை.

குடியொப்பத்தின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். 1921லும் 1925லும் 1927லும் வாக்களித்த மக்கள் என்று நான் கூறியபோது, அந்தச் சொல்லில் பாதிப் பேர் அடங்கவில்லை. ஸ்விட்ஸர்லாந்தில் பெண்களுக்குக் கூட்டரசு அளவில் வாக்குரிமை கிடைத்தது 1971ஆம் ஆண்டில்தான். அந்த உரிமையை அளிக்கலாமா என்பதே ஆண்களின் குடியொப்பத்துக்கு விடப்பட்டது. 1959இல் ஒரு முறை மறுக்கவும் பட்டது. பெரும்பான்மை கூறுவதெல்லாம் நீதியாகிவிடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? மேலும், 1980இல் இருக்கைப்பட்டை வாக்கெடுப்புக்குச் சென்றவர்கள் வாக்காளரில் பாதிக்கும் குறைவு. அடிக்கடி கேட்கப்படும் மக்களுக்குச் சலிப்பும் வருகிறது.

நம் நாட்டில் சட்டங்களுக்கோ அரசியல் சட்டத் திருத்தங்களுக்கோ குடியொப்பம் இல்லை. நாடாளுமன்றத்தின் சிறப்புப் பெரும்பான்மையால் அரசியல் சட்டம் திருத்தப்படுகிறது. மாநிலங்களின் உரிமையைத் தொடும் சில திருத்தங்களுக்குப் பாதிக்குக் குறையாத மாநிலச் சட்டமன்றங்களின் ஒப்புதலும் வேண்டும். மக்கள் தொகையும் மாநிலங்களும் தனித்தனியே எண்ணப்பட வேண்டும் என்ற ஸ்விஸ் நாட்டுக் கருத்தின் சாயல் இங்கும் இருப்பதைக் காணலாம். நாம் நேரே வாக்களிப்பதில்லை, வாக்களிப்பவர்களைத் தேர்ந்தெடுக்கிறோம். முறை வேறு, ஆனால் விதியின் வலிமை சம்மதத்திலிருந்து வருகிறது என்ற உண்மை ஒன்றே.

அடுத்த வகுப்பில் அந்த மாணவரிடம் இந்தக் கதையையெல்லாம் சொன்னேன். பிறகு அவருக்கு நான் கூறிய விடை இது: "தம்பி, தலை உன்னுடையதுதான். அதனால்தான் உன்னைக் கேட்காமல் அதன்மீது கவசத்தை வைக்க எந்த அதிகாரிக்கும் தம் விருப்பப்படி உரிமை இல்லை. நம் நாட்டில் அந்த விதி 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தில் இருக்கிறது. நாம் தேர்ந்தெடுத்த நாடாளுமன்றம் அதை நிறைவேற்றியது. அது தவறு என்று நீ கருதினால் பேசு, எழுது, வாக்களி, மற்றவர்களின் மனத்தை மாற்று. கிரௌபுண்டன் மக்கள் பத்து முறை வாக்களித்து ஒரு விதியை மாற்றவில்லையா? ஆனால் விதியை மீறுவது வேறு, மாற்றுவது வேறு. மாற்றுகிறவன் மற்றவர்களையும் கலந்துகொள்கிறான். மீறுகிறவன் யாரையும் கேட்பதில்லை."

அவர் உடனே உட்காரவில்லை. "அப்படியானால், ஐயா, அந்த வாக்கெடுப்பில் வேண்டாம் என்று போட்டவர்கள் எல்லாரும் மறுநாளே பட்டை அணிந்துவிட்டார்களா?" என்று கேட்டார். "எல்லாரும் அணிந்திருக்க மாட்டார்கள்" என்றேன். சிறிது யோசித்து, "வேண்டாம் என்று வாக்களித்துவிட்டு, தோற்ற பிறகு அணிந்தவர்கள்தாம் நல்ல குடிமக்கள்" என்றார் அவர். அதைவிடச் சிறந்த முடிவுரையை நான் சொல்லியிருக்க முடியாது.